சாவிக்கொத்து யார் கையில்?

நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்குப் போன பிள்ளைகள் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார்களா, ஊரில் தனியாகக் கிடக்கும் தாயைப் பார்ப்பார்களா? என் அத்தையையும் அப்படித்தான் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அத்தை வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். சர்க்கரை மாத்திரையை இரண்டு முறை கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகியிடம் பதிவேடு கேட்டேன். "அதெல்லாம் ஆயா ஞாபகம் வச்சிக்கும் சார்" என்றார். முன்பு கேன்டீன் சூப்பர்வைசராக இருந்தவர். நல்ல மனிதர்தான். அது தகுதி ஆகுமா?

லாரி ஓட்ட உரிமம் வேண்டும். டீக்கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். முதியோர் இல்லத்தை நடத்துபவருக்கோ தேர்வு கிடையாது. அமெரிக்கா 1967-லேயே பராமரிப்பு இல்ல நிர்வாகிகளுக்கு மாநில உரிமத்தைச் சட்டமாக்கிவிட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான நம் 2007 சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, 150 பேருக்கு இடம் என்று கணக்குச் சொல்கிறது. பொறுப்பாளர் யார் என்று கேட்கவில்லை. 2019-இல் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் பேசியது. நிறைவேறாமலே காலாவதியானது.

நான் பட்டம் கேட்கவில்லை. ஆறு மாதப் பயிற்சி, ஒரு தேர்வு, தவறினால் பறிக்கக்கூடிய உரிமம். கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் எங்கள் கிழவிகள் சொல்வது புரிகிறதா என்றும் தேர்வில் கேட்கட்டும்.

அத்தை இப்போது எங்களோடு இருக்கிறார். மாத்திரை கொடுத்ததும் காலண்டரில் நானே டிக் போடுகிறேன்.