சிரித்தவர்கள் கேட்காத மந்தர ஸ்தாயி

சிந்தசைசர் இசையில் மனிதன் இல்லை, எந்திரம் மட்டுமே இருக்கிறது என்பது நல்ல ரசனை தமக்கு உண்டென்று கருதிக்கொள்வோர் நெடுநாளாகச் சொல்லிவரும் தீர்ப்பு. விசையை அழுத்தினால் ஓசை வருகிறது. இதில் வியர்வை எங்கே, மூச்சு எங்கே என்று கேட்பார்கள். சரி, அதே இசையின் நடுவில் ஒரு மனிதன் வியர்த்து, மூச்சிரைத்து, நெஞ்சில் அறைந்துகொண்டு பாடினால் என்ன செய்கிறார்கள்? சிரிக்கிறார்கள். மனிதன் இல்லை என்பது முதல் குற்றச்சாட்டு. மனிதன் அளவுக்கு மீறி இருக்கிறான் என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே வாய் கூசாமல் சொல்வதைப் பார்த்துவிட்ட பிறகு, இதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே எழுதவேண்டியிருக்கிறது.

ஃப்யூச்சர் ஐலண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவைத்தான் குறிப்பிடுகிறோம். 2006ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் தொடங்கி, பின்னர் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்த குழு இது. சாமுவேல் ஹெர்ரிங் பாடுகிறார். ஜெரிட் வெல்மர்ஸ் சிந்தசைசர் வாசிக்கிறார். வில்லியம் கேஷன் பேஸ் கிதார் வாசிக்கிறார். மேடையில் கிதாருக்கென்று தனியாக ஒருவர் கிடையாது. தொடக்க ஆண்டுகளில் தாளத்தையும் பெரும்பாலும் எந்திரமே தந்தது; பின்னாளில் மைக் லோரி டிரம்ஸுக்கு வந்தமர்ந்து, 2020இல் வெளியான ‘ஆஸ் லாங் ஆஸ் யூ ஆர்’ இசைத்தொகுப்பின்போது முழு உறுப்பினரானார். இலக்கிய வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: இவர்களுடைய ‘இன் ஈவ்னிங் ஏர்’ (2010), ‘தி ஃபார் ஃபீல்ட்’ (2017) ஆகிய இரண்டு தொகுப்புகளின் பெயர்களும் அமெரிக்கக் கவிஞர் தியோடர் ரெட்கியிடமிருந்து பெற்றவை. கவிஞர் மறைந்த மறு ஆண்டு, 1964இல், வெளிவந்த அவருடைய தொகுதியின் பெயர்தான் ‘தி ஃபார் ஃபீல்ட்’.

2014 மார்ச் 3 அன்று, டேவிட் லெட்டர்மேன் நடத்திவந்த பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இக்குழு ‘சீசன்ஸ்’ என்னும் பாடலை வாசித்தது. காத்திருந்து களைத்துப்போன ஒரு மனத்தின் பாடல் அது. ஹெர்ரிங் இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சறுக்கி ஆடினார். நெஞ்சில் ஓங்கிக் குத்திக்கொண்டார். பாட்டின் உச்சத்தில் குரல் திடீரென்று அடித்தொண்டைக்கு இறங்கி உறுமலாயிற்று. லெட்டர்மேன் தம் உற்சாகத்தை மறைக்காமல் பாராட்டினார். மறுநாளிலிருந்து அந்த நான்கு நிமிடங்கள் இணையமெங்கும் பரவின. அவற்றிலும் முழுப் பாடல் பரவியதைவிட, ஓசையே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு வினாடி அசைபடங்களே அதிகம் பரவின. ஒலியை முற்றிலும் நீக்கிவிட்டு ஒரு பாடகனை மதிப்பிடும் வித்தையை உலகம் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது போலும்!

அவ்வாண்டின் சிறந்த பாடலாக பிட்ச்ஃபோர்க்கும் என்.எம்.இ.யும் ‘சீசன்ஸ்’ பாடலைத் தேர்ந்தெடுத்தன என்பது உண்மையே. ஆனால் பாராட்டியவர்களிலும் பலர் ஆட்டத்தைத்தான் பாராட்டினார்கள். ‘ஒரே இரவில் கிடைத்த புகழ்’ என்று எழுதினார்கள். அந்த ஓர் இரவுக்குப் பின்னால் எட்டு ஆண்டுகளும், மூன்று இசைத்தொகுப்புகளும், மதுக்கூடங்களிலும் நிலவறைகளிலும் நூற்றுக்கணக்கில் நடத்திய நிகழ்ச்சிகளும் இருந்தன. உழைப்பை அதிர்ஷ்டமாகப் பெயர் மாற்றி எழுதுவது விமர்சனமாகாது. சோம்பல் என்றுதான் அதற்குப் பெயர்.

நம் வாதத்தின் மையத்துக்கு வருவோம். சிரித்தவர்களில் மிகப் பலர் அந்தப் பாடலைக் கேட்கவே இல்லை என்கிறோம். மிகையாகச் சொல்லவில்லை, இது ஒலியியல் சார்ந்த உண்மை. நான்கு நரம்புகள் கொண்ட பேஸ் கிதாரின் அடி நரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு காற்றில் எழுப்பும் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். உள்ளங்கையில் அடங்கும் கைபேசியின் ஒலிபெருக்கியோ, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அப்படியானால் பேஸ் நமக்கு எப்படிக் கேட்கிறது? அடிச்சுரத்தோடு கூடவே எழும் மேற்சுரங்களைக் கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே கைபேசியில் பேஸின் சுரம் தெரிகிறது, எடை தெரிவதில்லை. அந்த எடை காதால் மட்டும் அறியக்கூடியதன்று. அரங்கில் நிற்பவருக்கு அது பாதத்தின் வழியாகவும் விலா எலும்பின் வழியாகவும் வந்து சேர்கிறது.

இந்த எடையை நீக்கிவிட்டால் ஹெர்ரிங் வெறும் காற்றில் ஆடுபவராகத் தெரிவார். தரையை அழித்துவிட்டு மரத்தைக் காட்டினால் மரம் அந்தரத்தில் தொங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துச் சிரிப்பவர், தரையை அழித்தது யார் என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

கேஷனின் பேஸ் இக்குழுவில் செய்யும் வேலை சாதாரணமானதன்று. பொதுவாக ராக் இசையில் பேஸ் பின்னால் நின்று தாளத்துக்கும் சுரத்துக்கும் பாலமிடும். மெட்டைக் கிதார் எடுத்துக்கொள்ளும். இங்கே கிதாரின் இடம் காலியாக இருப்பதால் பேஸ் மேலே வருகிறது. ‘இன் ஈவ்னிங் ஏர்’ தொகுப்பிலுள்ள ‘வைரியோஸ் ஐ’ பாடலைக் கேட்டுப் பாருங்கள்: பாட்டை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடுவது பேஸ்தான், குரல் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. இந்த வழக்கத்துக்கு ஒரு மரபு உண்டு. மான்செஸ்டரின் ஜாய் டிவிஷனிலும் பின்பு நியூ ஆர்டரிலும் பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்கை இசை அறிந்தோர் அறிவர். உரத்த கிதாருக்கிடையில் தம் வாசிப்பு தமக்கே கேட்காமற்போனதால் மேல் நரம்புகளுக்கு ஏறி மெட்டு வாசிக்கத் தொடங்கியதாக அவரே கூறியிருக்கிறார். இல்லாமையிலிருந்து பிறந்த அந்தப் பாணி, 1980களின் சிந்தசைசர் இசைக்கு ஒரு முதுகெலும்பைத் தந்தது. கேஷன் அந்த மரபில் வருபவர். ஆயினும் ஹுக்கின் பேஸ் தனித்து நின்று ஏங்கும்; கேஷனின் பேஸோ இன்னொருவர் உடைந்து விழுவதற்காகத் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மேடையைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். ஹெர்ரிங் ஆடும் நேரம் முழுவதும் வெல்மர்ஸும் கேஷனும் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறார்கள். முகத்தில் நாடகம் இல்லை. சபையின் கண்ணைத் தம் பக்கம் இழுக்கும் எண்ணமும் இல்லை. மூவரும் ஆடியிருந்தால் அது கேளிக்கையாகியிருக்கும். மூவரும் நின்றிருந்தால் எந்திரமாகியிருக்கும். ஒருவர் கட்டவிழ்வதற்காக மற்றவர்கள் கட்டுக்குள் நிற்கிறார்கள். நேரடி நிகழ்த்துதலின் ஒழுங்கு இதுவே. இதைக் காணாமல் ‘பாடகர் அளவு தெரியாதவர்’ என்று எழுதுபவர், அளவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடத் தெரியாதவர்.

‘எல்லாம் வேஷம்’ என்பது அடுத்த தாக்குதல். இதற்கு வரலாறே விடை சொல்கிறது. ஃப்யூச்சர் ஐலண்ட்ஸ் தோன்றுவதற்கு முன், 2003இல், கிழக்குக் கரோலினாப் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த இவர்கள் ‘ஆர்ட் லார்ட் அண்ட் தி செல்ஃப்-போர்ட்ரைட்ஸ்’ என்றொரு குழுவை நடத்தினார்கள். அதில் ஹெர்ரிங் உண்மையிலேயே வேஷம் போட்டார்: வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, ஜெர்மானிய உச்சரிப்பு, தன்னையே மெச்சிக்கொள்ளும் ஒரு கலைஞனின் பாத்திரம். சிரிக்க வைப்பதற்கென்றே செய்தது அது. பிறகு அந்தப் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தம் சொந்த இழப்புகளைப் பாடத் தொடங்கினார். அதாவது, கேலி என்னும் கவசம் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. அதை அணிவது எவ்வளவு எளிது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே அதைத் துறந்த ஒருவரிடம் போய் ‘இது வேஷமா?’ என்று கேட்பது என்ன நியாயம்?

தொல்காப்பியம் பயின்றவர்களுக்கு இதை விளக்க நீண்ட உரை தேவையில்லை. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றிக் காண்போர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. மெய்ப்பாட்டியல் எண்ணும் எட்டனுள் நகை பிறக்கும் இடங்களில் ஒன்று எள்ளல். அழுகை பிறக்கும் இடங்களில் ஒன்று இழவு. அந்த 2014ஆம் ஆண்டு மேடைக்கு ஹெர்ரிங் கொண்டுவந்தது இழவு. கைபேசியில் பார்த்தவர் கொண்டுவந்தது எள்ளல். பிழை உடம்பில் தோன்றியதில் இல்லை. புலனாகவேண்டிய இடத்தில் புலன் மூடிக்கிடந்தது.

எதிர்த் தரப்பின் வாதங்களில் இரண்டை மதிக்கிறோம். ஒவ்வோர் இரவும் அதே நெஞ்சறைதலும் அதே உறுமலும் வருமானால் அது எப்படி உண்மையான உணர்ச்சியாகும் என்பது ஒன்று. மீண்டும் செய்வதாலேயே பொய்யாகிவிடும் என்றால் கவிதையை இரண்டாம் முறை வாசிப்பதும் பொய்யாகத்தான் வேண்டும். ஒரே பாடலுக்குள் ஒவ்வோர் இரவும் மறுபடி இறங்குவதற்குப் பயிற்சி வேண்டும், உடல் வலு வேண்டும். அந்த உழைப்பை நாம் தொழில்நேர்மை என்கிறோம். தொகுப்புக்குத் தொகுப்பு ஒலி மாறுவதில்லை என்பது மற்றொன்று. இதில் பாதி உண்மை உண்டு. ‘சிங்கிள்ஸ்’ (2014) தொகுப்புக்குப் பின் வந்தவற்றை அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே நிறம் கண்ணில் படத்தான் செய்கிறது. கடல் கடந்த காதலொன்றின் முறிவைப் பேசும் ‘பீப்பிள் ஹூ ஆரண்ட் தேர் எனிமோர்’ (2024) தொகுப்பிலும் பேஸும் சிந்தசைசரும் பழைய இடங்களிலேயே நிற்கின்றன. ஆனால் இப்பாடல்கள் பதிவறையில் முடிந்துவிடுபவையல்ல, அரங்கில்தான் நிறைவடைகின்றன. நாடகப் பிரதியை மட்டும் வாசித்துவிட்டு நாடகத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா?

இத்தனையும் ஓர் அயல்நாட்டுக் குழுவுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் கவலை அக்குழுவைப் பற்றியதன்று. அவர்கள் யாருடைய பரிந்துரையும் இன்றி நன்றாகவே இருக்கிறார்கள். கவலை சிரிப்பைப் பற்றியது. உணர்ச்சியை வெளிப்படையாகக் காட்டும் எவரையும் முதலில் கேலி செய்துவிட்டு, பிறகு அவர் புகழ்பெற்றால் ‘அப்போதே தெரியும்’ என்று சொல்லும் பழக்கம் சிற்றிதழ் வாசகர்களாகிய நம்மிடமும் குறைவாக இல்லை. அடங்கிய குரலே ஆழமானது, இறுகிய முகமே அறிவுடையது என்று நாம் நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். அடக்கமும் ஒரு பாவனையாக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிட்டோம். இந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் வகுப்பறையில் ஒரு கவிதை பிடித்திருக்கிறது என்று சொல்ல இளைஞர்கள் கூசுகிறார்கள். குறை சொல்வதென்றால் கூச்சமில்லாமல் முன்வருகிறார்கள். இழப்பு சிறிதன்று.

ஆகவே வாசக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காணொளியை மறுபடியும் பாருங்கள். ஆனால் முதலில் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நல்ல ஒலிபெருக்கியிலோ தரமான காதணி கேட்பானிலோ கேளுங்கள். குரலை விட்டுவிடுங்கள், சிந்தசைசரையும் விட்டுவிடுங்கள். அடியில் ஓடும் அந்த நான்கு நரம்புகளை மட்டும் பாடல் முடியும்வரை பின்தொடருங்கள். அதன்பின் திரையை நிமிர்த்தி, அதே மனிதர் நெஞ்சில் அறைந்துகொள்வதைப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். குறைந்தபட்சம், கேட்டுவிட்டுச் சிரித்தவர் என்ற தகுதியாவது அந்தச் சிரிப்புக்கு இருக்கும்.