சொல்லும் பொருளும்: ஹாப்ஸன் சாய்ஸ்

ஆங்கிலத்தில் 'சாய்ஸ்' என்றால் தேர்ந்தெடுத்தல். 'ஹாப்ஸன் சாய்ஸ்' என்றாலோ, தேர்ந்தெடுக்க இடமே இல்லை என்று அர்த்தம்!

1631-ல் காலமான தாமஸ் ஹாப்ஸன், கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர். எல்லோரும் நல்ல குதிரையையே கேட்டால் அது இளைத்துப் போகுமல்லவா? ஆகவே, லாயத்தின் வாசலருகே நிற்பதையே எடுக்கவேண்டும். இல்லையேல் நடக்கவேண்டியதுதான் என்று முறை வைத்தார்.

இரண்டு கஷ்டங்களில் ஒன்றைப் பொறுக்கும் நிலைக்குச் சிலர் இச்சொல்லைப் பிரயோகிப்பது பொருந்தாது. இங்கே எதிரில் இருப்பது ஒன்றே.

ஹாப்ஸனாவது, "வேண்டாம்" என்றவரை நடந்து போகவிட்டார். ஒரே வரனைக் காட்டி, "உன் இஷ்டம், அம்மா!" என்று பெண்ணைக் கேட்கும் பெற்றோர், அந்த "வேண்டாம்" என்ற சொல்லுக்கு இடம் வைக்கிறார்களா?