அடைமழைக்கு முன் ஓர் அடுக்களைக் கணக்கு



ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள் நம் பெரியவர்கள். தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கு இது ஒன்றே பெருமழைக் காலம். நம் குமரி மாவட்டத்துக்கோ ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குளங்கள் நிறைகின்றன, வயல்கள் செழிக்கின்றன. ஆனால் வாகனம் இல்லாத வீட்டில், சாமான் வாங்கிவரும் பொறுப்பையும் தலையில் சுமக்கும் பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் நடமாட இயலாத மாமி. கோட்டாறு கம்போளத்திலோ, வடசேரிச் சந்தையிலோ, தக்கலையிலோ வாங்கிய பொருளைச் சுமந்து பேருந்தில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து சேறு நிறைந்த முடுக்கு வழியே வீடு வந்து சேரவேண்டும்.

அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. அதனால் பயணச் செலவு குறைந்தது உண்மை. ஆயினும் சுமை குறையவில்லை. அந்தச் சுமை எவ்வளவு என்று நாம் கணக்கிட்டுப் பார்ப்பதே இல்லை.

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு அரிசி 25 கிலோ, பருப்பும் பயறும் 4 கிலோ, எண்ணெய் 4 கிலோ, சர்க்கரை 3 கிலோ, தேங்காய் 12 கிலோ, வெங்காயமும் உருளைக்கிழங்கும் 9 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 57 கிலோ. மழை நாளில் ஒரு கையைக் குடை பிடித்துக்கொள்ளும். மற்றொரு கையால் 8 கிலோவுக்கு மேல் தூக்குவது அரிது. அப்படியானால் இந்தப் பொருள்களுக்கு மட்டும் ஏழெட்டு நடை! மீன், காய்கறி, பால், மருந்து இதில் சேரவில்லை. நடைக்கு அஞ்சி அருகிலுள்ள சிறு கடையில் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்கினாலோ, மாத முடிவில் கூடுதல் பணம் போயிருக்கும். இடுப்பு வலியும் மிஞ்சும், பணமும் கரையும்.

இதற்கு வழி என்ன? பொருள்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கனமானதும் கெடாததும். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உரிக்காத தேங்காய் ஆகியவை மேற்சொன்ன கணக்கில் 48 கிலோ வருகின்றன. இவற்றைப் புரட்டாசி வெயில் இருக்கும்போதே ஒரே நாளில் வாங்கி, ஒரே ஆட்டோவில் கொண்டுவந்துவிடலாம். பக்கத்து வீட்டாரும் சேர்ந்துகொண்டால் வாடகை பாதியாகும். பின்னர் மழை விட்ட ஒரு நாளைப் பார்த்து அடுத்த மாதத்துக்கு வாங்கலாம். நியாயவிலைக் கடைப் பொருள்களையும் மாதக் கடைசிவரை தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, சில வாரம் தாங்குபவை. சேனை, சேம்பு, காச்சில் ஆகியவை நம் மண்ணின் பொருள்கள். மண்ணைக் கழுவாமல், ஈரம் படாத மூலையில் பரப்பி வைத்தால் நெடுநாள் இருக்கும். மரச்சீனிக் கிழங்கு அப்படியன்று. பிடுங்கிய இரண்டு, மூன்று நாளில் கறுத்துவிடும். அதை வெட்டி, அவித்து, வெயிலில் உலர்த்தி வைத்தால் மழைக்காலத்தில் கைகொடுக்கும். சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். நெத்திலிக் கருவாட்டையும் முன்கூட்டியே காயவைத்து எடுத்து வைக்கலாம்.

மூன்றாவது, அன்றாடம் வேண்டியவை. பால், மீன், கீரை போன்றவற்றுக்காகச் சந்தைக்குப் போகவேண்டியதில்லை. வீட்டு வாசலுக்கு வரும் மீன்காரரிடமும் தெருமுனைக் கடையிலும் வாங்கினால் போதும். அவர்களுக்கும் அது பிழைப்பு.

வாங்கினால் மட்டும் போதாது. ஈரத்திலிருந்து காக்கவும் வேண்டும். வத்தல் மிளகாயையும் மல்லியையும் மழைக்கு முன்பே காயவைத்துப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். உப்பைப் பீங்கான் பரணியில் வையுங்கள். அரிசிப் பானையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். நிலக்கடலையிலோ கொப்பரையிலோ பூஞ்சை படர்ந்திருந்தால் வீணாகிறதே என்று எண்ணாமல் எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை.

வாகனம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் வீசியதை யாரும் மறந்திருக்க முடியாது. மரங்களும் மின்கம்பங்களும் சாலைகளில் சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் பல நாள்கள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாள்களில் கார் உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றுதான். வீட்டுக்குள் இருப்பதே உணவு. ஆகவே ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, குடிநீர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அன்றாட மருந்துகள் ஆகியவை எப்போதும் இருக்கட்டும். எரிவாயு உருளை தீரும்வரை காத்திராமல் முன்பே பதிவு செய்யுங்கள். ஆனால் தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பது வேறு. புயல் செய்தி கேட்டதும் ஒருவர் நான்கு மூட்டை வாங்கினால், பின்னால் வரும் ஏழைக்கு ஒரு படியும் கிடைக்காது.

இறுதியாக ஒரு சொல், வீட்டு ஆண்களுக்கு. சாமான் சுமப்பது பெண்ணின் வேலை என்று யார் எழுதி வைத்தது? வேலை முடிந்து வரும்போதும், ஜும்ஆ முடிந்து வரும்போதும் கடைவீதி வழியாகத்தானே வருகிறீர்கள்? காலையில் ஒரு பட்டியலைக் கேட்டு வாங்கிச் சென்றால் வீட்டில் ஒரு நடை குறையும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், தொலைபேசியில் கடைக்காரரிடம் பேசி மாதச் சாமானை வீட்டிலேயே இறக்க ஏற்பாடு செய்யலாம். இருசக்கர வாகனம் வைத்திருக்கும் தம்பிமார், கடைக்குப் புறப்படுமுன் தனித்து வாழும் மூதாட்டியின் கதவைத் தட்டி, “ஏதாவது வாங்கவேண்டுமா?” என்று கேட்டால் என்ன? அண்டை வீட்டாருக்கு நம்மீது உள்ள உரிமையை நாம் அறியாதவர்கள் அல்லவே! முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டு சேர்க்க 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் தெருவில் அதற்கு உரியவர்கள் இருந்தால் நியாயவிலைக் கடையில் விசாரித்து உதவுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பிறைக் கணக்கில் ரமளான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள்கள் முன்னே நகர்கிறது. 2031, 2032ஆம் ஆண்டுகளில் அது டிசம்பரிலும், அதையடுத்து நவம்பரிலும் வந்து சேரும். நோன்பும் அடைமழையும் ஒன்றாக வரும் அந்த ஆண்டுகளில், நோன்பு நோற்ற உடலோடு நனைந்து சுமந்து வருவது எளிதன்று. இப்போதே இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் அப்போது சிரமம் இராது.

இந்தப் புரட்டாசியில் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டுக் கணக்கை எழுதிப் பாருங்கள். எழுதியபின் அதை உங்கள் வீட்டு ஆண்களிடமும் காட்டுங்கள்.