இரண்டாவது கணக்கு எதற்கு?

இயங்குதளம் நிறுவும்போது பலரும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போவார்கள். மொழி, விசைப்பலகை, நேரம் எதைத் தப்பாகக் கொடுத்தாலும் பிறகு இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் அப்படியல்ல. அந்தக் கணினிக்கு யார் எஜமானர் என்பது அங்கேதான் முடிவாகிறது.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவி முடிக்கும்போது கணினியை யார் யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டது. அப்பா, அக்கா, தம்பி என்று கொடுத்த பெயர்கள் அத்தனைக்கும் நிர்வாகி அதிகாரம் கிடைத்தது, அதுவும் கடவுச்சொல் இல்லாமலே! எந்த நிரலும் அதை இயக்குபவரின் அதிகாரத்தோடுதான் ஓடும். தம்பி நிர்வாகி என்றால், தம்பி செருகிய பென் டிரைவில் இருந்து கிளம்பிய வைரஸும் நிர்வாகிதான்.

லினக்ஸ் பக்கம் கதை வேறு. எல்லாம் வல்ல 'ரூட்' கணக்கு தனி, அன்றாட வேலைக்கான கணக்கு தனி என்பது யுனிக்ஸ் காலத்துப் பழக்கம். 2004இல் வந்த உபுண்டு ஒரு படி மேலே போய் ரூட்டையே பூட்டிவிட்டது. தேவைப்படும்போது மட்டும் முதல் பயனர் 'சுடோ' கட்டளை மூலம் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து அதிகாரத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். டெபியனில் ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் இதே ஏற்பாடுதான் நடக்கும்.

2007இல் விஸ்டாவும் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. தொல்லை என்று எல்லோரும் திட்டினார்கள். ஆனால் விண்டோஸ் 11 வரைக்கும் நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகிக் கணக்குதான். பெட்டி வந்ததும் கை தானாக 'யெஸ்' அழுத்திவிடுகிறது. சாதாரணக் கணக்கில் அதே பெட்டி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதைத் தட்டச்சு செய்யும் சில வினாடிகளில், 'இது ஏன் கேட்கிறது?' என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. இரண்டாவது கணக்கின் லாபமே அந்தச் சில வினாடிகள்தான்.

'வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருவருடைய படங்களையும் கோப்புகளையும் அழிக்க, வைரஸுக்கு நிர்வாகி அதிகாரம் தேவையே இல்லை. அதற்குத் தனியாக நகல் எடுத்து வைப்பதுதான் வழி. ஆனால் அதிகாரம் இல்லாத வைரஸால் இயங்குதளத்துக்குள் எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது. மற்றவர்களின் கோப்புகளையும் சுலபத்தில் தொட முடியாது. அந்தக் கணக்கை மட்டும் நீக்கிவிட்டு வேலையைத் தொடர வாய்ப்பாவது இருக்கிறது.

நிறுவியை முழுதாக நம்பவும் முடியாது. உபுண்டு 5.10இன் நிறுவி, முதல் பயனரின் கடவுச்சொல்லை யாரும் படிக்கக்கூடிய பதிவுக் கோப்பில் அப்படியே எழுதி வைத்திருந்தது 2006இல் தெரியவந்தது. 2017 நவம்பரில் மேக் ஓஎஸ் ஹை சியராவில், பெயர் 'ரூட்', கடவுச்சொல் காலி என்று கொடுத்தே உள்ளே நுழைய முடிந்தது. இரண்டும் உடனே சரிசெய்யப்பட்டன.

நிறுவிகளே இரண்டு கணக்குகளை உருவாக்கித் தருவதுதான் முறை. அதுவரை பயனர்தான் செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே நிறுவியவர்கள் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. முதலில் புதிதாக ஒரு நிர்வாகிக் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து பார்த்துவிட்டு, பழைய கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றினால் போதும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் சொந்தக் கணினிக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும், கவனம்!