பழைய மின்சாரக் காரா, புதியதா?

குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்த என் மச்சாள் போன மாதம் பனிச்சங்கேணிக்கு வந்தா. "பழைய நிசான் லீஃப் ஒன்று இருக்கு. செக் பண்ணின சேர்ட்டிபிகேற்றும் தாறாங்களாம். புதுசுக்குக் காசு காணாது. இதை எடுத்து ஹயர் ஓட்டவா?" என்று கேட்டா.

2006 கடைசியில் இடம்பெயர்ந்தபோது எல்லாம் போனது. இது அவ திரும்பச் சேர்த்த காசு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. ஆசை நியாயம்தான்.

ஆனால் மின்சாரக் காரின் உயிர் பற்றரி. முதலில் வந்த லீஃப், புதிதாக இருந்தபோது ஒரு சார்ஜுக்கு 117 கிலோமீற்றர் ஓடும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. பற்றரி வெக்கையில் விரைவாகத் தேயும். மூன்றில் ஒரு பங்கு தேய்ந்தால் 78 கிலோமீற்றர்தான். இங்கிருந்து மட்டக்களப்புக்குப் போய்வர அதைவிடக் கூடிய தூரம். நோயாளியுடன் நடுவழியில் நிற்கலாமா?

மச்சாளுக்குச் சொன்னேன்: சேர்ட்டிபிகேற்றில் பெயின்ரைப் பார்க்காதீங்க, பற்றரியின் அளவைப் பாருங்க. லீஃபின் டாஷ்போட்டில் அதற்கு 12 கோடு. எத்தனை மிச்சம் என்று எண்ணுங்க. கருவி பொருத்தியும் சோதிக்கச் சொல்லுங்க. புதிய காரின் பற்றரிக்குப் பல கம்பனிகள் 8 வருட உத்தரவாதம் தருகின்றன. பழையதற்கு எவ்வளவு மிச்சம், இலங்கையில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்க. பதிவுப் புத்தகம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

மச்சாள் இன்னும் காசு கொடுக்கவில்லை. முதலில் பற்றரியைச் சோதிக்கப் போறாவாம். சகோதரிகளே, நம் உழைப்பைக் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேட்பதில் வெட்கம் இல்லை.