காற்றாடி யந்திரமும் கம்பெனி தர்மமும்

அமராவதி நதி தீரத்திலே கொமரலிங்கம் என்னும் ஊர் இருக்கிறது. 1950-களில் அமராவதி அணை எழுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்நதியில் கல்லணைகள் இட்டு எட்டு ராஜவாய்க்கால்களை நம் முன்னோர் வெட்டினார்கள். கொமரலிங்கம் வாய்க்கால் அவற்றுள் ஒன்று. வெட்டினவர்கள் மறைந்து எத்தனையோ தலைமுறைகள் சென்றுவிட்டன. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் பாய்கிறது. வருஷந்தோறும் தூர் வாரி, கரை அடைத்து, மடை பார்த்து வந்தவர்களே அதற்குக் காரணம். ஒரு காரியத்தை ஆரம்பிப்பதில் உள்ள புகழ் அதைப் பராமரிப்பதில் இல்லை. ஆனால் பலன் முழுவதும் பராமரிப்பிலேதான் இருக்கிறது. இந்தச் சாமானிய உண்மையைப் பெரிய யந்திரக் கம்பெனிகளின் நிர்வாகஸ்தர்கள் மறந்தால் நேரும் விபரீதத்தைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

கொமரலிங்கத்துக்கு வடக்கே உடுமலைப்பேட்டை, குடிமங்கலம், பூளவாடி முதலிய பிரதேசங்களில் பிரயாணம் செய்வோர் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாடி யந்திரங்கள் நிற்பதைக் காணலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே மே மாதம் முதல் செப்டம்பர் வரையில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அவற்றைச் சுழற்றுகிறது. இவற்றில் பல, நூற்பாலைக்காரர்களுக்கும் திருப்பூர் பனியன் முதலாளிகளுக்கும் சொந்தமானவை. ஆலைக்கு மின்சாரமே உயிர். அதன் விலை ஏறினால் லாபம் கரையும். ஆகவே காற்றிலிருந்து சொந்த மின்சாரம் எடுப்பது புத்திசாலித்தனமான யோசனையே. முதல் வருஷத்திலேயே யந்திரத்தின் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டலாம் என்று 1990-களில் சர்க்கார் அளித்த வரிச் சலுகையும் இந்த ஆசைக்குத் தூபம் போட்டது. அச்சலுகை பிற்பாடு நூற்றுக்கு 80 ஆயிற்று. 2012-ல் நிறுத்தப்பட்டு, 2014-ல் திரும்ப வந்து, 2017 ஏப்ரல் முதல் 40 ஆகக் குறைக்கப்பட்டது. வரிக்காக யந்திரம் வாங்கினவர்கள் உண்டு. மின்சாரத்துக்காக வாங்கினவர்களும் உண்டு. இருவகையாரும் யந்திரத்தை விற்ற கம்பெனியின் வார்த்தையை நம்பியே பணம் போட்டார்கள்.

அக்கம்பெனிகளுள் நம் தேசத்தில் தலைசிறந்தது சுஸ்லான். அதன் ஸ்தாபகர் ஸ்ரீ துளசி தாந்தி, நம் திருப்பூர் முதலாளிகளைப் போலவே ஒரு ஜவுளித் தொழிலதிபர். சூரத்தில் தம் ஆலைக்கு மின்சாரம் கிடைப்பது கஷ்டமாகவும் விலை அதிகமாகவும் இருந்தபடியால் இரண்டு காற்றாடிகளை வாங்கினார். அவ்வனுபவத்திலிருந்து 1995-ல் சுஸ்லான் பிறந்தது. பூனாவைத் தலைமை ஸ்தலமாகக் கொண்டு, முதலில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் தொழில் நுட்பத்தைக் கையாண்டு, பிற்பாடு ஜெர்மனியிலேயே சொந்த ஆராய்ச்சிசாலையை ஏற்படுத்திக்கொண்டு, பத்தே ஆண்டுகளில் அது உலகத்தின் பெரிய காற்றாடிக் கம்பெனிகளின் வரிசையில் இடம் பெற்றது. 2005-ல் பங்கு ஒன்றுக்கு 510 ரூபாய் வீதம் பொதுஜனங்களிடம் பங்குகளை விற்றது. ஜனங்கள் போட்டியிட்டு வாங்கினார்கள்.

1906-ல் ஸ்ரீ சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்த நாள் முதலாக, இந்தியரின் கம்பெனி கடல் கடந்து கொடி நாட்டுவதை நாம் தேச காரியமாகவே பாவித்து வந்திருக்கிறோம். ஆகவே 2006-ல் சுஸ்லான் பெல்ஜியத்தின் ஹான்சன் என்னும் பற்சக்கரப் பெட்டிக் கம்பெனியை 46 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு வாங்கியபோது தேசமே மார் தட்டிக்கொண்டது. 2007-ல் பிரான்ஸ் தேசத்து அரேவாவுடன் ஏலப் போட்டி போட்டு, 120 கோடி யூரோவுக்கு மேல் மதிப்பிட்டு, ஜெர்மனியின் ரீபவர் கம்பெனியைப் பிடித்தபோது அந்தப் பெருமிதம் இரட்டித்தது. நாமும் பெருமை கொள்கிறோம். ஆனால் சுதேசி என்ற காரணத்துக்காக ஒரு கம்பெனியின் கணக்கைப் பாராமலிருப்பது தேசபக்தியாகாது. சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்க வெள்ளையர் ஆட்சி இருந்தது. சுஸ்லானுக்கு வந்த இடுக்கண் அதன் நிர்வாகஸ்தர்களின் சொந்தத் தீர்மானங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தது.

அத்தீர்மானங்களை ஆராய்வோம். முதலாவது சாட்சியம் யந்திரத்தின் இறக்கை. அமெரிக்காவில் அக்கம்பெனி நிறுத்தியிருந்த 2.1 மெகாவாட் யந்திரங்களின் இறக்கைகளில் வெடிப்புகள் காணப்பட்டன. 2008-ல் 1,251 இறக்கைகளை, அதாவது 417 யந்திரங்களின் இறக்கைகள் முழுவதையும், தன் சொந்தச் செலவில் செப்பனிட வேண்டி நேர்ந்தது. செலவை ஏற்றுக்கொண்டது யோக்கியமான காரியமே, அதை மறுக்கவில்லை. ஆயினும் அதே வருஷம் எடிசன் மிஷன் என்னும் அமெரிக்கக் கம்பெனி 150 யந்திரங்களுக்கான மேல் உத்தரவை ரத்து செய்தது. வேகமாக விற்ற யந்திரத்தின் குற்றம் வேகமாகவே வீடு திரும்பியது. தொழிற்சாலையில் பரிசோதிக்கத் தவறியதை வாங்கினவரின் காட்டிலே காற்று பரிசோதித்துவிட்டது.

இரண்டாவது சாட்சியம் கடன். ஹான்சனும் ரீபவரும் பெரும்பாலும் கடன் பணத்தில் வாங்கப்பட்டன. ஜெர்மன் சட்டத்தில் சிறு பங்குதாரருக்குப் பலமான பாதுகாப்பு உண்டு. முழு உரிமையும் முறையான ஆதிக்க ஒப்பந்தமும் இல்லாமல், பெரிய பங்குதாரர் என்ற ஒரே பாத்தியதையைக் கொண்டு அக்கம்பெனியின் ரொக்கத்தையோ தொழில் நுட்பத்தையோ எடுத்து வந்துவிட முடியாது. சுஸ்லானுக்கு ரீபவரின் முழு உரிமை 2011-ல்தான் கிட்டியது. அதற்குள் 2008-ன் உலகப் பண நெருக்கடி வந்து உத்தரவுகள் வற்றிவிட்டன. வாங்கிய சொத்து பூட்டிய பெட்டியில் இருக்க, வாங்கிய கடனுக்கோ நாள்தோறும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஹான்சனின் பங்குகள் 2011-க்குள் விற்கப்பட்டன. 2012 அக்டோபரில், பங்காக மாற்றத்தக்க வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்கு 20 கோடியே 90 லட்சம் டாலர் செலுத்த வேண்டிய நாளில் கம்பெனியால் செலுத்த முடியவில்லை. தவணை கேட்டது, பத்திரக்காரர்கள் மறுத்தார்கள். அவ்வகைக் கடனில் அதுகாறும் இந்தியக் கம்பெனி எதுவும் இவ்வளவு பெரிய தொகைக்குத் தவறியதில்லை. 2013-ல் சுமார் 9,500 கோடி ரூபாய்க் கடனை பாங்கிகள் திருத்தி அமைத்தன. ரீபவர், சென்வியான் என்ற புதுப் பெயருடன், 2015-ல் 100 கோடி யூரோவுக்குக் கைமாறியது. 2019-ல் மறுபடியும் 17 கோடியே 20 லட்சம் டாலர் தவறியது. 2020-ல் 2 ரூபாய் முகமதிப்புள்ள அதன் பங்கு அந்த முகமதிப்புக்கும் கீழே இறங்கிற்று.

இதில் தர்மப் பிரச்னை எங்கே இருக்கிறது, வியாபாரத்தில் நஷ்டம் சகஜந்தானே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. துணியை விற்கிறவன் விற்ற மாத்திரத்தில் பெரும்பாலும் பொறுப்பு நீங்குகிறான். காற்றாடி யந்திரத்தை விற்கிறவனோ இருபது வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கிறான். கோபுரத்தின் உச்சியில் உள்ள பற்சக்கரப் பெட்டி பழுதானால் அதை இறக்கப் பெரிய பளுதூக்கி வேண்டும். அதற்குப் பொருந்தும் உறுப்பு வேண்டும். பழகிய தொழிலாளி வேண்டும். நம் தேசத்தில் இவை யாவும் பெரும்பாலும் விற்ற கம்பெனியின் கையிலேயே இருக்கின்றன. பருவக்காற்று வீசும் ஐந்து மாதத்தில் யந்திரம் ஒரு மாதம் நின்றால், ஆலைக்காரன் அவ்வருஷத்து வருமானத்தில் பெரும் பகுதியை இழக்கிறான்; யந்திரத்தின் பேரில் வாங்கிய பாங்கிக் கடனுக்கோ வட்டி நிற்பதில்லை. ஆகவே அவன் கிரயம் கொடுத்து வாங்கியது இரும்பையும் கண்ணாடி நாரையும் மட்டுமல்ல. கம்பெனியின் இருபது வருஷ ஆயுளையும் சேர்த்தே வாங்கினான். நிர்வாகஸ்தர்கள் அளவு மீறிக் கடன் வாங்கி அந்நிய தேசத்தில் ஏலம் எடுக்கும்போது, எல்லாருக்கும் முன்னால் பணயம் வைக்கப்படுவது இந்த வாக்குத்தான். அவனுடைய சம்மதம் கேட்கப்படுவதில்லை. பிறர் நம்பிக்கையை அவர் அறியாமல் அடகு வைப்பதைச் சட்டம் குற்றமென்று சொல்லாமலிருக்கலாம். தர்மம் அதைச் சரியென்று சொல்லாது.

ஸ்ரீ தாந்தியின் துணிவைப் பாராட்டுவோர் உண்டு. துணியாதவன் தொழில் வளர்க்க முடியாது, 2008-ன் நெருக்கடியை யார் கண்டார்கள் என்பது அவர்கள் வாதம். நெருக்கடி வருஷத்தை முன்கூட்டி அறிய முடியாதென்பது மெய்யே. ஆனால் கெட்ட வருஷம் என்றாவது ஒன்று வரும் என்பதை அறிய ஜோஸ்யம் வேண்டியதில்லை. மழையை நம்பிப் பிழைக்கும் கொங்கு நாட்டு விவசாயி விதைநெல்லைத் தனியே கட்டி வைக்கிறான். பல்லாயிரம் கோடி நிர்வகிக்கும் டைரக்டர்கள் அவ்வளவு எச்சரிக்கையாவது காட்ட வேண்டாமா?

கெட்ட வருஷங்களில் அக்கம்பெனியைத் தாங்கி நின்றது எது என்பதையும் பார்க்க வேண்டும். புது விற்பனை படுத்துவிட்டது. வெளிநாட்டுச் சொத்துகள் கைவிட்டுப் போயின. முன்னே விற்ற யந்திரங்களைப் பராமரிப்பதற்காக உடைமைக்காரர்கள் செலுத்தி வந்த கட்டணமே இடையறாத வருமானமாக வந்துகொண்டிருந்தது. ஏலத்தில் கிடைத்த புகழ் காப்பாற்றவில்லை. தூர் வாரின கூலி காப்பாற்றியது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி ஸ்ரீ தாந்தி காலமானார். அம்மாதமே பங்குதாரர்களிடமிருந்து 1,200 கோடி ரூபாயும், 2023-ல் பெரிய முதலீட்டாளர்களிடமிருந்து 2,000 கோடி ரூபாயும் திரட்டி, கம்பெனி கடன் பாரத்திலிருந்து மீண்டது. 2024-ல் பூனாவில் இருந்த தன் தலைமைக் கட்டடத்தை 440 கோடிக்கு விற்றது. பல கம்பெனிகளின் காற்றாடிகளையும் பராமரிக்கும் ரெனாம் என்னும் ஸ்தாபனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. மாளிகையை விற்றுப் பராமரிப்பை வாங்கிய இந்தக் காரியத்தை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். இந்த ஞானம் 2007-லேயே வந்திருந்தால் எத்தனை சிறு பங்குதாரர்களின் சேமிப்பு பிழைத்திருக்கும்!

இது இந்தியருக்கு மட்டும் உரிய குறையென்று எவரும் எண்ண வேண்டாம். ஜெர்மனியின் கீர்த்தி பெற்ற சீமென்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சீமென்ஸ் எனர்ஜி, 2023 ஜூன் மாதத்தில் தன் காற்றாடிகளின் உறுப்புகளில் பெருங்குறைகள் இருப்பதை வெளியிட்டது; ஒரே நாளில் அதன் பங்கு விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. தரக் குறைகளைச் சரிசெய்ய 160 கோடி யூரோ ஆகுமென்று பிற்பாடு கணக்கிடப்பட்டது. அவ்வருஷம் நவம்பரில் ஜெர்மன் சர்க்கார் 750 கோடி யூரோவுக்குப் பிணை நின்றது. புதிய மாதிரி, பெரிய மாதிரி என்று போட்டிக்காக ஓடினால் வெள்ளையனின் யந்திரமும் வெடிக்கும். வித்தியாசம் இதுதான்: அங்கே கம்பெனிக்குச் சர்க்கார் பிணை நிற்கிறது, பூளவாடிக் காட்டில் ஒற்றை யந்திரம் வைத்திருக்கும் சிறு ஆலைக்காரனுக்குப் பிணை நிற்பார் யார்?

இவ்விஷயம் பழங்கதையன்று. 1990-களில் நம் பக்கத்தில் நிறுத்தப்பட்ட சிறு யந்திரங்கள் தம் ஆயுளைக் கடந்து நிற்கின்றன. பழைய யந்திரங்களை மாற்றுவதற்கும் புதுப்பிப்பதற்கும் தமிழ்நாடு சர்க்கார் 2024-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. பழையது இறங்கிப் புதியது ஏறும்போது புது ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும். இத்தருணத்தில் நாம் வற்புறுத்த வேண்டியவை நான்கு.

ஒன்று: பராமரிப்புக்காக வாங்கும் பணத்தில் ஒரு பாகத்தைக் கம்பெனி தனி நிதியாக வைக்க வேண்டும், கம்பெனியின் மற்றக் கடன்காரர் எவரும் அதைத் தொடலாகாது. இரண்டு: உறுப்பில் குறை கண்டால், அதே மாதிரி யந்திரம் வைத்திருக்கும் அனைவருக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அமெரிக்காவில் கண்ட வெடிப்பை உடுமலைப்பேட்டைக்காரன் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடலாகாது. மூன்று: யந்திரத்தின் வரைபடங்களும் உறுப்பு விவரங்களும் நடுநிலையான ஓரிடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும், கம்பெனி நொடித்தால் உடைமைக்காரர்கள் அவற்றைக் கொண்டு வேறு பட்டறையில் வேலை செய்துகொள்ளும் பாத்தியதை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வார்ப்படத்துக்கும் யந்திர வேலைக்கும் பேர் போன கோயமுத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது, திறமைக்குப் பஞ்சமில்லை. நான்கு: சிறு உடைமைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒப்பந்தம் பேச வேண்டும். தனி ஒருவன் கேட்டால் கிடைக்காத ஷரத்து நூறு பேர் கேட்டால் கிடைக்கும்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்நியத் துணியை விலக்கச் சொன்ன இயக்கம் சுதேசித் துணி நயமாக இருக்கவேண்டும் என்று கேட்கவும் நமக்குக் கற்பித்தது. இந்தியக் கம்பெனி பெரிதாக வேண்டும்; உலகெங்கும் யந்திரம் விற்க வேண்டும்; அதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அடுத்த முறை நம்மவர் ஒருவர் ஐரோப்பாவில் ஒரு கம்பெனியை வாங்கினார் என்ற செய்தி வரும்போது கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யாருடைய பணத்தில் வாங்கினார்? நேற்று விற்ற யந்திரங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? காற்று வீசாத வருஷத்தில் வட்டியை எதைக் கொண்டு கட்டுவார்? திருப்தியான பதில் கிடைத்த பிறகு தாராளமாகக் கைதட்டுங்கள்; நாமும் உடன் சேர்ந்து தட்டுவோம்.