டாங்கிள் செத்துப்போச்சா பாஸ்?

ஃபைனல் இயர் புராஜெக்ட் சீஸன் வந்தாச்சுன்னா, சிறுசேரி, கேளம்பாக்கம், தாம்பரம் பக்கம் ஹாஸ்டல் மொட்டை மாடிகள்ல ஒரு லேப்டாப், ஒரு வயர், அதைச் சுத்தி சோகமா நாலு பேர்! கையில எஸ்.டி.ஆர். டாங்கிள். அதாங்க, சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோ. பழைய ரேடியோவில் காயிலும் கண்டென்சரும் செஞ்ச வேலையை, இதில் சாஃப்ட்வேர் கணக்குப் போட்டே முடிச்சிடும். டி.வி. பார்க்க வந்த இந்தக் குட்டி சமாச்சாரம், 2012-ல இருந்து உலகம் பூரா மாணவர்களோட செல்லம்.

ஆனா, மாடியில கேக்குற டயலாக் ஒண்ணுதான்: ‘சிக்னலே வரலை மச்சி, டாங்கிள் அவுட்!’ அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீங்க மக்களே. முதல் கேள்வி: நீங்க தேடுற சாட்டிலைட் இன்னும் பேசுதா?

சீனியர்களோட ரிப்போர்ட்ல எல்லாம் நோவா 15, 18, 19-னு அமெரிக்க வானிலை சாட்டிலைட்டுகள் இருக்கும். அந்த மூணையும் 2025-ல ரிட்டயர் பண்ணிட்டாங்க! ரிப்போர்ட்டை அப்படியே சுட்டவங்க, பேசாத சாட்டிலைட்டுக்காக மாடியில வெயில் காயறாங்க. இப்போ கைகொடுக்கறது ரஷ்யாவோட மீட்டியோர் வரிசைதான். 2023-லயும் 2024-லயும் ஏவினது. 137.1 அல்லது 137.9 மெகாஹெர்ட்ஸ்ல தேடணும்.

இதுலயும் ஒரு சிக்கல். நோவா அனலாக். சிக்னல் நோஞ்சானா இருந்தாலும் புள்ளி புள்ளியா ஒரு படம் தேறும். மீட்டியோர் டிஜிட்டல். சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனா, படமே கிடையாது. அதனால சாஃப்ட்வேரை நாலு தடவை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி, ஆன்டெனாவில் இருந்து ஆரம்பிங்க.

ஆன்டெனா: ஒரு கம்பியோட நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 137 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 53 செ.மீ. ரெண்டு கம்பியை 120 டிகிரியில் ‘வி’ மாதிரி விரிச்சு, படுக்க வச்சா போதும். சுத்தி உயரமான பில்டிங் இருந்தா, இடத்தை மாத்துங்க. ஒரு தடவை தலைக்கு மேல போறது அதிகபட்சம் கால் மணி நேரம்தான்!

கெய்ன்: சும்மா ஃபுல்லா ஏத்தாதீங்க. இந்த டாங்கிள் 8 பிட்தான். மொத்தமே 256 படிக்கட்டு. சென்னை எஃப்.எம். ஸ்டேஷன்கள் போடுற சத்தத்துல அந்தப் படிக்கட்டு நிரம்பி வழிஞ்சுட்டா, சாட்டிலைட்டோட முணுமுணுப்பு எங்கே கேக்கும்? 98.3 இருக்கக் கூடாத இடத்துலயும் பாடுதா? கெய்னைக் குறைங்க. பேய்ப் பாட்டு காணாமப் போனா, வியாதி ஓவர்லோடு. எஃப்.எம். அலையை மட்டும் தடுக்கிற ஃபில்டர் ஒண்ணு மாட்டுங்க.

இரைச்சல்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. திரையில் கோடு கோடா நின்ன சிக்னல்கள் மறைஞ்சுதுன்னா, திருடன் உங்க பிளக்பாயின்ட்லதான் இருக்கான்!

இடம் தள்ளி நிக்குதா: டாங்கிளுக்குள்ள இருக்கிற கிரிஸ்டல் சூட்டுல நகரும். பத்து லட்சத்துல 50 பங்கு தப்புன்னா, 137 மெகாஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 7 கிலோஹெர்ட்ஸ் தள்ளிடும். கால் மணி நேரம் ஓட விட்டு, அப்புறம் திருத்துங்க. ஆனா, சிக்னல் மேலே ஆரம்பிச்சு மெள்ள மெள்ள கீழே இறங்கினா, அது கிரிஸ்டல் இல்ல. டாப்ளர்! சாட்டிலைட் கிட்ட வந்து விலகிப் போகுதுன்னு அர்த்தம். சந்தோஷப்படுங்க.

முக்கியமான ரூல்: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மாத்தினதை நோட்டுல எழுதுங்க. மூணை ஒண்ணா மாத்தி வேலை செஞ்சுட்டா, எது சரியாச்சுன்னு வைவாவுல என்ன சொல்வீங்க?

இது வெறும் மார்க் விஷயம் இல்ல பாஸ். குரோம்பேட்டை எம்.ஐ.டி. கேம்பஸ்ல உருவான அண்ணா பல்கலைக்கழகத்தோட அனுசாட், 2009 ஏப்ரல் 20-ல பறந்துச்சு. காட்டாங்குளத்தூரோட எஸ்.ஆர்.எம். சாட் 2011-ல. நம்ம ஓ.எம்.ஆர். சத்யபாமாவோட சாட்டிலைட் 2016-ல. மூணுமே நம்ம ஏரியா! ராக்கெட் மேல கொண்டு போய் விட்டுடும். ஆனா, அங்கே இருந்து வர்ற சன்னக் குரலை இரைச்சலுக்குள்ள பிரிச்செடுத்தாதான் பறந்ததுக்கே அர்த்தம். மொட்டை மாடியில நீங்க பழகுறது அதே வேலைதான்.

புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கினா, ரெடிமேட் படம் கிடைக்கும். ஏன் வரலைன்னு தேடின நோட்டு மட்டும் கிடைக்காது. உங்க ரிப்போர்ட்ல ரிசல்ட்டுக்கு முன்னாடி ‘எது ஏன் வேலை செய்யலை’னு ஒரு பக்கம் சேருங்க. அடுத்த வருஷம் ஜூனியர் அதைத்தான் முதல்ல புரட்டுவான். சுடுறதா இருந்தாலும் உருப்படியானதைச் சுடட்டுமே!